குடியரசு காத்த ஹுவாரெஸ்

மெக்சிகோ நாட்டின் தென்பகுதியில் வஹாக்கா என்னும் மாநிலம் உள்ளது. மலைகள் சூழ்ந்த அம்மாநிலத்தில் குவெலாட்டாவ் என்பது ஒரு சிற்றூர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கு ஏறத்தாழ 20 குடும்பங்களே வாழ்ந்தன. அவர்கள் சப்போடெக் என்னும் பழங்குடியினர். மெக்சிகோ அப்பொழுது ஸ்பெயின் மன்னரின் ஆட்சியில் இருந்தது. நகரங்களில் ஸ்பானிய மொழியே கல்விக்கும் வாணிகத்திற்கும் வழக்குமன்றத்திற்கும் உரிய மொழியாய் விளங்கியது. மலையூர்களிலோ அம்மொழி அறிந்தோர் மிகச் சிலர். இத்தகைய ஊரில் 1806ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 21ஆம் நாள் பெனிட்டோ ஹுவாரெஸ் பிறந்தார்.

நான்கு வயது நிரம்புமுன்னரே அவர் தாயையும் தந்தையையும் இழந்தார். பாட்டனாரும் பாட்டியாரும் சிலகாலம் அவரை வளர்த்தனர். அவர்களும் மறைந்தபின் தந்தையின் உடன்பிறந்தார் ஒருவரது குடிசையே அவருக்குப் புகலிடமாயிற்று. பகற்பொழுதில் ஆடு மேய்ப்பது சிறுவரின் வேலை. சிற்றப்பனார்க்கு ஸ்பானிய மொழி சிறிது தெரியும். ஓய்வு கிடைத்தபொழுது அவர் அதனைக் கற்பித்தார். பாடம் கற்க வேண்டும் என்னும் வேட்கை மிகுதியால், பாடத்தில் தவறினால் தம்மை அடிப்பதற்குரிய சாட்டையையும் சிறுவர் தாமே எடுத்துச் சென்று அவரிடம் கொடுப்பாராம். ஆயினும் உழைப்பே உணவாக இருந்த அவ்வீட்டில் பாடத்திற்குப் பொழுது கிட்டுவது அரிதாயிற்று.

வஹாக்கா நகரஞ் சென்று வீட்டுவேலை செய்யும் சிறுவர்கள் அங்கே எழுதப்படிக்கக் கற்பது உண்டு என்று அவர் கேள்வியுற்றிருந்தார். 1818ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 17ஆம் நாள், பன்னிரண்டு வயதில், ஒருவரிடமும் சொல்லாமல் ஊரைவிட்டுப் புறப்பட்டார். ஏறத்தாழ 60 கிலோமீட்டர் மலைவழியை நடந்தே கடந்து அன்றிரவே நகரத்தை அடைந்தார். மேய்த்த ஆடு ஒன்று காணாமற் போனதால் அஞ்சி ஓடினார் என ஒரு கதை வழங்குவதுண்டு. அவர் தம் மக்களுக்கென எழுதிவைத்த குறிப்பிலோ கல்வி வேட்கையே காரணமாகக் கூறப்பட்டுள்ளது. நகரில் மாசா என்பவர் இல்லத்தில் அவருடைய தமக்கையார் சமையல் வேலை செய்து வந்தார். அவ்வீட்டுக் கதவையே சிறுவர் தட்டினார்.

சில நாட்களில் சாலனுவேவா என்னும் நல்லார் ஒருவர் அவரை ஏற்றுக்கொண்டார். புத்தகங்களைத் தைத்து அட்டை கட்டுவது அவர் தொழில். துறவியர்போல் எளிய வாழ்வு வாழ்ந்தவர். அவர் சிறுவரைப் பள்ளிக்கு அனுப்பினார். நகரின் பள்ளி ஒன்றில் செல்வர் வீட்டுப் பிள்ளைகளுக்குத் தலைமையாசிரியர் தனியறையில் பாடம் சொல்வார். ஏழைப் பிள்ளைகளை மற்றோர் அறையில் உதவியாசிரியரிடம் விட்டுவிடுவார். ஹுவாரெஸ் எழுதிக் காட்டிய பாடத்தில் பிழை கண்டபொழுது, அப்பிழையைத் திருத்திக் காட்டாமல் தண்டனை அளித்தார். இளையவர் ஒரு முடிவு செய்தார். பள்ளியைத் துறந்து, தெரிந்ததைக்கொண்டு தாமே பயின்றார். ஒரே கூரையின்கீழ் இருவகை நீதி நிலவியதை அவர் முதன்முதற் கண்டது அங்கேதான்.

1821ஆம் ஆண்டு மெக்சிகோ விடுதலை பெற்றது. அவ்வாண்டிலேயே அவர் சமயக் குருமார் கல்லூரியிற் சேர்ந்தார். ஏழை இளைஞர் உயர்கல்வி பெற அந்நாளில் வேறு வழி இருந்ததில்லை. ஆயினும் குருவாகும் விருப்பம் அவருக்கு எழவில்லை. 1827ஆம் ஆண்டு வஹாக்காவில் அறிவியற் கலைக் கழகம் ஒன்று தோன்றியது. அதன்பின் அவர் அதிற் புகுந்து சட்டம் பயின்றார். 1834ஆம் ஆண்டு சனவரியில் வழக்கறிஞர் பட்டம் பெற்றார்.

அவ்வாண்டிலேயே அவர் வாழ்வின் போக்கை உறுதிசெய்த வழக்கு ஒன்று அவரை நாடி வந்தது. லொசீச்சா என்னும் ஊரைச் சார்ந்த பழங்குடி மக்கள் தம் ஊர்ப் பாதிரியார் மீது முறையிட்டனர். சடங்குகளுக்கு இவ்வளவே பெறலாம் என வகுக்கப்பட்ட கட்டணத்திற்கு மேலாக அவர் பணம் பெறுவதாகவும், ஊதியமின்றி வேலை வாங்குவதாகவும் அவர்கள் கூறினர். ஹுவாரெஸ் அவர்களுக்காக வழக்காடினார். ஆனால் அக்காலச் சட்டத்தின்படி பாதிரியாரைப் பொதுவான நீதிமன்றத்தில் நிறுத்த இயலாது. குருமார்களுக்கும் படைவீரர்களுக்கும் தனித்தனி நீதிமன்றங்கள் இருந்தன. குருமார் மீதுள்ள வழக்கைக் குருமாரே விசாரித்தனர். படைவீரர் மீதுள்ள வழக்கைப் படைத்தலைவரே தீர்த்தனர். முதலில் வழக்கு நன்றாகவே நடந்தது. இடையில் நாட்டில் ஆட்சி மாறவே, காற்றும் மாறிற்று. முறையிட்ட ஊரார் சிறையில் அடைக்கப்பட்டனர். அவர்களை மீட்கச் சென்ற வழக்கறிஞருக்கு ஆவணங்களைக் காட்டவும் நடுவர் மறுத்தார். நடுவர்மீது குறைகூறி மனுச் செய்ய நகரம் திரும்பிய ஹுவாரெசும், மக்களைத் தூண்டிவிட்டார் என்னும் குற்றம் சாட்டப்பட்டுச் சிறைப்பட்டார். ஒன்பது நாட்கள் கழித்தே அவர் பிணையில் வெளிவந்தார். சிறையில் இருந்த அந்நாட்களில், தனிச்சலுகை படைத்தோர் என்னும் வகுப்பே நாட்டில் இல்லாதவாறு செய்ய வேண்டும் என்ற எண்ணம் அவர் உள்ளத்தில் வேரூன்றிற்று.

அதன்பின் அவர் நடுவராகவும் மாநில அரசின் அலுவலராகவும் படிப்படியாக உயர்ந்தார். 1843ஆம் ஆண்டு மார்கரிட்டா மாசா என்னும் நங்கையை மணந்தார். தமக்கையார் சமையற்காரியாய் இருந்த இல்லத்தில் வளர்ந்தவர் அவர். 1847ஆம் ஆண்டு ஹுவாரெஸ் வஹாக்காவின் ஆளுநரானார். அமெரிக்க ஐக்கிய நாடுகளுடன் நிகழ்ந்த போரில் மெக்சிகோ தோற்று, 1848ஆம் ஆண்டு தன் நிலப்பரப்பில் ஏறத்தாழப் பாதியை இழந்த காலம் அது. அப்போரில் தோல்வியுற்று ஓடிவந்த சாந்தா அன்னா என்னும் படைத்தலைவர் வஹாக்காவில் புகலிடம் கேட்டபொழுது, ஆளுநர் இடந்தர மறுத்தார். இம்மறுப்பைச் சாந்தா அன்னா மறக்கவில்லை.

ஆளுநராயிருந்த ஐந்து ஆண்டுகளில் அவர் பள்ளிகளைப் பெருக்கினார், சாலைகள் அமைத்தார், கருவூலத்தின் கணக்கைச் சீராக்கினார். அவற்றினும் பெரிதாக நினைக்கத்தக்கது ஒரு துயர நிகழ்ச்சி. 1850ஆம் ஆண்டு அவருடைய பெண்குழந்தை குவாதலூப்பே இரண்டு வயதில் இறந்தது. கோவில்களுக்குள் பிணம் புதைத்தல் ஆகாது என ஒரு சட்டம் இருந்தது. ஆளுநர் குடும்பத்திற்கு மட்டும் அதில் விலக்கு அளிக்கப்பட்டிருந்தது. அவ்விலக்கை ஹுவாரெஸ் பயன்படுத்தவில்லை. குழந்தையின் உடலைத் தாமே ஏந்திச் சென்று, நகருக்கு வெளியே எல்லாரையும் புதைக்கும் இடுகாட்டில் அடக்கஞ் செய்தார். பிறர்க்கு இல்லாத சலுகை தமக்கும் வேண்டா என்பதை ஒரு தந்தை இதனினும் கடிய வழியில் காட்டுதல் இயலாது.

1853ஆம் ஆண்டு சாந்தா அன்னா மீண்டும் ஆட்சியைக் கைப்பற்றினார். ஹுவாரெஸ் சிறைப்பிடிக்கப்பட்டு நாடு கடத்தப்பட்டார். அமெரிக்காவின் நியூ ஆர்லியன்சு நகரில் சுருட்டுச் சுற்றி வயிறு வளர்க்கும் நிலை முன்னாள் ஆளுநருக்கு நேர்ந்தது. ஊரில் அம்மையார் மார்கரிட்டா எட்லா என்னும் சிற்றூரில் சிறு கடை ஒன்று வைத்துக் குழந்தைகளைக் காத்தார். இயன்றபொழுது கணவருக்கும் பணம் அனுப்பினார். 1855ஆம் ஆண்டு சாந்தா அன்னா வீழ்ந்தார். நாடு திரும்பிய ஹுவாரெஸ் புதிய அரசில் நீதியமைச்சரானார்.

லொசீச்சா மக்களின் வழக்கை அவர் மறந்தாரல்லர். 1855ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் அவர் ஒரு சட்டம் கொணர்ந்தார். குருமார்க்கும் படையினர்க்கும் உரிய தனி நீதிமன்றங்கள் இனிப் பொதுவான உரிமை வழக்குகளை விசாரித்தல் ஆகாது என்பது அச்சட்டத்தின் உட்பொருள். அவர் பெயராலேயே ஹுவாரெஸ் சட்டம் என அது வழங்கலாயிற்று. 1857ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 5ஆம் நாள் நாட்டிற்குப் புதிய அரசியலமைப்பும் அமைந்தது. இச்சீர்திருத்தங்களுள் ஒன்று வேண்டாத விளைவையும் தந்தது. திருச்சபையின் நிலங்களை விற்கச் செய்த 1856ஆம் ஆண்டுச் சட்டம், ஊர்ப் பொதுநிலங்களையும் தனியாருக்குப் பிரித்துவிட வகை செய்தது. பழங்குடி மக்கள் தலைமுறை தலைமுறையாய்க் கூட்டாக ஆண்ட நிலங்கள் பல, காலப்போக்கில் செல்வர் கைக்குப் போயின. அச்சட்டத்தை இயற்றியவர் வேறோர் அமைச்சரே. ஆயினும் பழங்குடியிற் பிறந்த ஹுவாரெஸ் சார்ந்திருந்த கட்சியே அதனைச் செய்தது என்பதை மறைத்தற்கில்லை.

புதிய அரசியலமைப்பின்படி ஹுவாரெஸ் தலைமை நீதிமன்றத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். துணைத்தலைவர் பதவி அந்த அமைப்பில் இல்லை. குடியரசுத் தலைவரின் இடம் வெறுமையானால் தலைமை நீதிமன்றத் தலைவரே அதனை ஏற்க வேண்டும் என்பது விதி. அவ்விதிக்கு வேலை விரைவில் வந்தது. 1857ஆம் ஆண்டு டிசம்பரில் குடியரசுத் தலைவர் கொமோன்போர்ட், தாமே உறுதிமொழி எடுத்துக்கொண்ட அரசியலமைப்பைத் தள்ளிவிட்டார். ஹுவாரெஸ் சிறையில் வைக்கப்பட்டார். சில வாரங்களில் கொமோன்போர்ட்டும் வீழ்ந்தார். தலைநகரைப் பழமைக்கட்சியாரின் படை பிடித்துக்கொண்டது. விடுதலை பெற்ற ஹுவாரெஸ் 1858ஆம் ஆண்டு சனவரியில் தாமே சட்டப்படியான குடியரசுத் தலைவர் என அறிவித்தார். அப்பொழுது அவரிடம் தலைநகரம் இல்லை; கருவூலம் இல்லை; படையும் மிகச் சிறிது. அரசியலமைப்பின் அந்த ஒரு விதியே அவர் கையிலிருந்த செல்வம்.

அவ்வாண்டு மார்ச்சில் குவாதலஹாரா நகரில் காவற்படையே கலகம் செய்து அவரையும் அமைச்சர்களையும் பிடித்தது. சுடுமாறு ஆணை பிறந்தது; வீரர்கள் துப்பாக்கிகளை உயர்த்தினர். அந்நொடியில் அமைச்சரும் கவிஞருமாகிய கியேர்மோ பிரியேத்தோ இருகைகளையும் விரித்துத் தலைவரின் முன்னே பாய்ந்து நின்றார். வீரம் கொலைத்தொழில் செய்யாது என்னும் கருத்துப்பட உருக்கமாகப் பேசினார். துப்பாக்கிகள் தாழ்ந்தன. உயிர் தப்பிய ஹுவாரெஸ் கடல்வழியே பனாமாவைச் சுற்றி வேராகுரூஸ் துறைமுகத்தை அடைந்து அங்கே அரசை நிறுவினார். துறைமுகச் சுங்க வருவாய் அவ்வரசைத் தாங்கிற்று. போர் மூன்றாண்டுகள் நீண்டது. 1859ஆம் ஆண்டு அங்கிருந்தே அவர் சீர்திருத்தச் சட்டங்களை வெளியிட்டார். திருச்சபையின் சொத்துக்கள் நாட்டுடைமையாயின. பிறப்பு, திருமணம், இறப்பு ஆகியவற்றைப் பதிவு செய்யும் பொறுப்பை அரசு ஏற்றது. இடுகாடுகளும் அரசின் பொறுப்பாயின. அதே ஆண்டில், நாட்டின் வழியே போக்குவரவு உரிமைகளை அமெரிக்காவிற்கு அளிக்கும் உடன்படிக்கை ஒன்றிலும் அவர் அரசு கையெழுத்திட்டது. பணமும் துணையும் வேண்டிச் செய்த அச்செயல் இன்றளவும் குறைகூறப்படுகிறது. அமெரிக்க மேலவை அதனை ஏற்காமையால் அது நடைமுறைக்கு வரவில்லை.

1861ஆம் ஆண்டு சனவரியில் ஹுவாரெஸ் வெற்றியுடன் தலைநகர் புகுந்தார். அவ்வாண்டே தேர்தலிலும் வென்றார். ஆனால் கருவூலம் வறண்டு கிடந்தது. சூலையில் வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிக் கொடுப்பதை இரண்டாண்டுகளுக்கு நிறுத்தி வைத்தார். கடன் கொடுத்த இங்கிலாந்தும் ஸ்பெயினும் பிரான்சும் படைகளை அனுப்பின. முதலிரு நாடுகளும் பேசித் தீர்த்துக்கொண்டு 1862இல் திரும்பிவிட்டன. பிரெஞ்சுப் பேரரசர் மூன்றாம் நெப்போலியனோ கடனைக் காரணங் காட்டி நாட்டையே கைப்பற்ற எண்ணினார். 1862ஆம் ஆண்டு மே 5ஆம் நாள் புவேப்லா நகரின் முன்னே சரகோசா என்னும் இளந்தளபதி பிரெஞ்சுப் படையை முறியடித்தார். மெக்சிகோ மக்கள் அந்நாளை இன்றும் கொண்டாடுகின்றனர். ஆயினும் ஓராண்டிற்குள் பெரும்படை வந்தது; புவேப்லா வீழ்ந்தது; 1863ஆம் ஆண்டு மே 31ஆம் நாள் ஹுவாரெஸ் தலைநகரை விட்டு வடக்கே புறப்பட்டார்.

அதன்பின் நான்காண்டுகள் மெக்சிகோக் குடியரசு ஒரு கருநிறக் குதிரைவண்டியில் வாழ்ந்தது என்றே சொல்லலாம். எந்த ஊரில் அவ்வண்டி நின்றதோ, அவ்வூரே தலைநகரம். கறுப்பு மேற்சட்டை அணிந்த அம்மனிதர், புழுதி படிந்த ஊர்களிலும் உரிய முறைப்படி ஆணைகளில் கையெழுத்திட்டு, அவற்றைப் பதிவு செய்து, கடிதங்களுக்கு மறுமொழி எழுதிவந்தார். வண்டிகள் பலவற்றில் ஏற்றிவந்த நாட்டு ஆவணங்களை ஓரிடத்தில் உழவர்களிடம் ஒப்படைத்தார். அவர்கள் அவற்றை ஒரு மலைக்குகையில் மறைத்து, பகைவர் எவ்வளவு துன்புறுத்தியும் இடத்தைக் காட்டாமல் காத்தனர். குடும்பத்தாரை நியூயார்க்கு நகருக்கு அனுப்பியிருந்தார். அங்கே அவருடைய ஆண்மக்கள் இருவர் அடுத்தடுத்து இறந்தனர். அச்செய்தி பல வாரங்கள் கழித்தே பாலைநிலத்தில் இருந்த தந்தையை அடைந்தது.

பிரெஞ்சுக்காரர், ஆஸ்திரிய அரச குடும்பத்தைச் சார்ந்த மாக்சிமிலியன் என்பவரை மெக்சிகோவின் பேரரசராக 1864இல் முடிசூட்டினர். அவர் கொடியவர் அல்லர். ஹுவாரெசின் சீர்திருத்தச் சட்டங்களைப் பெரும்பாலும் அவ்வாறே வைத்துக்கொண்டு, தம்மை அழைத்துவந்த பழமைக்கட்சியாரின் வெறுப்பையும் தேடிக்கொண்டார். ஹுவாரெசையும் நேரில் வந்து பேசுமாறு அழைத்தார். ஹுவாரெஸ் மறுத்து எழுதினார். அரசர் நல்லவரா தீயவரா என்பது அவர்க்கு வினாவன்று. அவரை அமர்த்தியவர் யார் என்பதே வினா. ஆயின் 1865ஆம் ஆண்டு அக்டோபரில் மாக்சிமிலியன், படைக்கலத்துடன் பிடிபடும் குடியரசு வீரரை 24 மணி நேரத்திற்குள் கொல்லுமாறு ஆணையிட்டார். படைத்தலைவர் பலர் அதனால் மாண்டனர்.

சட்டமே துணையென வாழ்ந்தவர்க்கு அவ்வாண்டிலே சட்டத்தாலேயே ஒரு சோதனை வந்தது. அவருடைய பதவிக்காலம் 1865ஆம் ஆண்டு நவம்பரோடு முடிந்தது. பகைவர் நாட்டை ஆளும்பொழுது தேர்தல் நடத்த வழியில்லை. விதியின்படி தலைமை நீதிமன்றத் தலைவரிடம் பதவியை ஒப்படைத்தல் வேண்டும் என்றனர் சிலர். ஹுவாரெஸ் ஒப்படைக்கவில்லை, போர் முடியும்வரை தம் பதவியைத் தாமே நீட்டித்து ஆணையிட்டார். போர்க்காலத்திற்கெனப் பேரவை அளித்திருந்த அதிகாரத்தின்படியே செய்ததாக அவர் கூறினார். அது நாட்டைக் காத்தது என்பாரும், அரசியலமைப்பை வளைத்தது என்பாரும் உளர். குவாதலஹாராவில் தம் மார்பைக் கேடயமாக்கிய பிரியேத்தோ இதன்பொருட்டு அவரை விட்டுப் பிரிந்தார்.

அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் 1865இல் முடிந்தது. அந்நாடு பிரெஞ்சுக்காரர் வெளியேற வேண்டும் என்று வற்புறுத்தியது. ஐரோப்பாவில் பிரசியாவின் வலிமையும் நெப்போலியனை அச்சுறுத்திற்று. 1867ஆம் ஆண்டு தொடக்கத்தில் பிரெஞ்சுப் படை மெக்சிகோவை விட்டு அகன்றது. கைவிடப்பட்ட மாக்சிமிலியன் மே 15ஆம் நாள் கெரேத்தாரோ நகரிற் பிடிபட்டார். போர்மன்றம், வெளிநாட்டுப் படையெடுப்புக்குத் துணை நின்றோரைத் தண்டிக்க ஹுவாரெஸ் 1862இல் இயற்றிய சட்டத்தின்படி, மரணதண்டனை விதித்தது. அரசியற் குற்றத்திற்கு மரணதண்டனை ஆகாது என 1857ஆம் ஆண்டு அரசியலமைப்பே கூறுகிறதே என்று அவருடைய வழக்கறிஞர்கள் வாதிட்டனர். ஐரோப்பிய அரசுகள் மன்றாடின. குடியரசின் நண்பர்களாகிய விக்டர் ஹியூகோவும் கரிபால்டியும் உயிர்ப்பிச்சை வேண்டினர். உயர்குலப் பெண் ஒருத்தி மண்டியிட்டு அழுதாள். ஹுவாரெஸ் தண்டனையை மூன்று நாள் ஒத்திவைத்தாரே அன்றி, மாற்றவில்லை. எளிய வீரர் பலரை அதே குற்றத்திற்காக இழந்த நாட்டில் அரச குடியிற் பிறந்தவருக்கு மட்டும் விலக்கு அளிப்பதை அவர் ஏற்கவில்லை. சூன் 19ஆம் நாள் மாக்சிமிலியனும் மெக்சிகோப் படைத்தலைவர் இருவரும் சுடப்பட்டனர். அச்செயல் நீதியா, இரக்கமின்மையா என்னும் வழக்கு இன்னும் முடியவில்லை.

1867ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 15ஆம் நாள் ஹுவாரெஸ் தலைநகர் திரும்பினார். அவ்வாண்டுத் தேர்தலில் வென்று, தொடக்கக் கல்வியை இலவசமாகவும் கட்டாயமாகவும் ஆக்கும் சட்டத்தை இயற்றினார். 1871ஆம் ஆண்டு சனவரியில் மார்கரிட்டா அம்மையார் மறைந்தார். அவ்வாண்டில் ஹுவாரெஸ் மீண்டும் தேர்தலில் நின்றது நண்பர் பலர்க்கு உவப்பாக இல்லை. எவர்க்கும் பெரும்பான்மை கிட்டாமையால் பேரவை அவரையே தேர்ந்தது. தோல்வியுற்றவருள் ஒருவர் பொர்பிரியோ டியாஸ். வஹாக்காவிற் பிறந்து, ஹுவாரெஸ் பயின்ற கழகத்திலேயே சட்டம் பயின்று, பிரெஞ்சுக்காரரை எதிர்த்துப் புகழ்பெற்ற படைத்தலைவர். ஒருவரே மீண்டும் மீண்டும் ஆளுதல் தகாது எனக் கூறி அவர் கிளர்ச்சி செய்தார். அதே டியாஸ் பின்னாளில் ஏறத்தாழ 30 ஆண்டுகள் ஆட்சியை விடவில்லை என்பது வேறு கதை.

1872ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 18ஆம் நாள் ஹுவாரெசுக்கு நெஞ்சுநோய் கண்டது. நாடித்துடிப்பை மீட்க மருத்துவர் கொதிநீரை மார்பில் ஊற்றினர். அவ்வேதனைக்கு இடையிலும், அலுவலாக வந்த அமைச்சர்க்கு நோயை வெளிக்காட்டாமல் மறுமொழி கூறி அனுப்பினார். அன்றிரவே உயிர் நீத்தார். மறுநாள், கொமோன்போர்ட் வீழ்ந்தபொழுது ஹுவாரெசை அப்பதவிக்குக் கொணர்ந்த விதியின்படியே, தலைமை நீதிமன்றத் தலைவராயிருந்த செபாஸ்தியான் லெர்டோ குடியரசுத் தலைவராகப் பொறுப்பேற்றார். சில திங்களுக்குள் டியாசும் பொதுமன்னிப்பை ஏற்றுப் படைக்கலத்தைக் கீழே வைத்தார்.